நெகாவேன் என்றால் எத்தனை ரூபாய்?

தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடை. முன்வாசல் வழியாக எத்தனையோ தடவை நுழைந்திருக்கிறேன். முகத்தில் ஏ.சி. காற்று அடிக்கும், சந்தனம் கொடுப்பார்கள், "வாங்க வாங்க" என்பார்கள். அன்றைக்கு என்னை வரச் சொன்னது பின்பக்கச் சந்துக்கு. சாயங்காலம் ஏழு மணி. லாரியிலிருந்து பேல் பேலாகச் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. சணல் வாசனை, புதுத் துணியின் கஞ்சி வாசனை, யாரோ வாங்கி வந்த வாழைக்காய் பஜ்ஜியின் வாசனை. மறுநாள் ஆடி ஒன்று, தள்ளுபடி தொடக்கம். அந்த ஒரு ராத்திரி முழுக்கக் கடைக்குள் இருக்க எனக்கு அனுமதி! கடையின் பெயரை எழுதக் கூடாது, ஆட்களின் பெயரை எழுதக் கூடாது, படம் எடுக்கக் கூடாது என்றார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரே தலையாட்டல். தீபாவளிக்கு முந்தின ராத்திரி தூக்கம் வராமல் புரளுவோமே, அந்தக் குறுகுறுப்பு இத்தனை வயதுக்குப் பிறகு மறுபடி வந்திருந்தது.

என்னைக் கூட்டிப்போனவர் பட்டுப் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேலாக நிற்கும் ஓர் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, காதில் ஒரு பேனா. முதல் வேலையாக ஒரு சேலையின் டேக்கைத் திருப்பி என் கையில் வைத்தார். முன்பக்கம் பார்கோடு, விலை 5,500. அதெல்லாம் நாம் பார்ப்பதுதான். ஓரத்தில், கடுகு அளவு எழுத்தில், நாலு எழுத்து இருந்தது.

"இது என்ன, அண்ணாச்சி?"

"அதுலதாம்மா கடையே இருக்கு."

அது அடக்க விலை. கடை அந்தச் சேலையை எத்தனைக்கு வாங்கியது என்பது ரகசிய எழுத்தில் அதே டேக்கில் இருக்கிறது! எழுத்து திரும்பி வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை முதலாளி தேர்ந்தெடுத்துக்கொள்வார். முதல் எழுத்து ஒன்று, அடுத்தது இரண்டு, கடைசி எழுத்து பூஜ்யம். கணினி வந்து, பார்கோடு வந்து, எல்லாம் திரையில் தெரிகிற காலத்திலும் பழைய கைகள் இந்த எழுத்தை விடவில்லை. தங்கள் கடைச் சொல்லைச் சொல்ல அண்ணாச்சி மறுத்துவிட்டார், அது நியாயம்தான். ஆனால் எனக்குப் புரியவைக்க நின்ற இடத்திலேயே ஒரு சொல்லை உண்டாக்கினார்: திருநெல்வேலிக்காரன். எண்ணிப் பாருங்கள். தி, ரு, நெ, ல், வே, லி, க், கா, ர, ன். சரியாகப் பத்து, ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை! அப்படியானால் 3,850 ரூபாய் என்பது நெ, கா, வே, ன். நெகாவேன்!

அடுத்த கால் மணி நேரம் நான் வேறு எதுவும் செய்யவில்லை. கையில் கிடைத்த எண்ணையெல்லாம் எழுத்தாக்கிக்கொண்டிருந்தேன். 6,850 லிகாவேன். 9,650 ரலிவேன். என் அம்மா சேலை எடுக்கும்போது டேக்கைப் பார்த்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல் "உங்களுக்காக நூறு குறைக்கிறேம்மா" என்று சொன்ன விற்பனையாளர்கள் எல்லாரும் இந்த மாதிரி ஒரு சொல்லைத்தான் மனசுக்குள் படித்திருக்கிறார்கள்!

அண்ணாச்சி கணக்கை விரித்தார். வரியை இப்போதைக்குத் தள்ளிவைப்போம். ஒரு பேச்சுக்கு, 5,500 போட்ட சேலையின் அடக்கம் நெகாவேன். இடையில் இருப்பது 1,650. ஆடிக்கு இருபது சதவீதம் கழித்தால் 4,400. அடக்கம் போக மிஞ்சுவது 550. கரண்ட், வாடகை, சம்பளம், விளம்பரம், சாப்பாடு எல்லாம் இந்த ஐந்நூற்றைம்பதுக்குள் அடங்க வேண்டும். "அப்ப எதுக்கு அண்ணாச்சி தள்ளுபடி?" என்றேன். அவர் அலமாரியைக் கையால் தட்டினார். "இந்த எடம் எனக்கு வேணும்மா. இது தூங்குதுன்னா இதுல போட்ட பணமும் தூங்குது. ஆவணி முகூர்த்தத்துக்குப் புதுசு வரணும், தீவாளிக்கு வரணும். தூங்குற சரக்கை எழுப்பி அனுப்பத்தான் ஆடி."

ஆடியில் கல்யாணம் வைப்பதில்லை. முகூர்த்தமே இல்லாத ஒரு மாதம், ஜவுளிக் கடைக்குப் பட்டினி மாதமாக இருந்திருக்க வேண்டும். அதையே வருஷத்தின் பெரிய கூட்டங்களில் ஒன்றாக மாற்றிவிட்டார்கள் நம் வியாபாரிகள். இது எந்த வியாபாரக் கல்லூரியும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை, நம் பஞ்சாங்கத்தைப் படித்து வந்தது. எனக்கு இதில் உள்ளபடியே பெருமை.

எட்டு மணிக்குத்தான் அந்த ராத்திரியின் மிக ருசியான காட்சி. சாதாரண சுடிதாரில் இரண்டு பெண்கள், கையில் எதிர்க் கடையின் கட்டைப்பையோடு பின்வாசல் வழியாக வந்தார்கள். வாடிக்கையாளர்கள் வழி தவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். இல்லை, இந்தக் கடை ஆட்கள்தான்! எதிர்க் கடைக்குப் போய் விலை பார்த்துவிட்டு வருகிறார்கள். பையில் வாங்கிவந்தது ஒரு துண்டு, இரண்டு உள்பாவாடை. சூப்பர்வைசர் நோட்டோடு உட்கார, இருவரும் மாறி மாறிச் சொல்கிறார்கள். நைட்டி எத்தனை, பள்ளிச் சட்டை எத்தனை, வேட்டி எத்தனை, எந்த மாடியில் எதைத் தூக்கி வைத்திருக்கிறார்கள், பில் போட எத்தனை நிமிஷம் நின்றார்கள். ஒன்றையும் எழுதிவரவில்லை, எல்லாம் மனப்பாடம். "எழுதினா கண்டுபிடிச்சிருவாங்கக்கா" என்று சிரித்தாள் சின்னவள். எதிர்க் கடைக்காரர்களும் இங்கே இதேபோல வருவார்களாம். முகம் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்களாம்.

துண்டுக்கும் உள்பாவாடைக்கும் ஏன் இத்தனை உளவு? அவைதான் ஒப்பிட முடிகிற சரக்கு. உள்பாவாடை எங்கே வாங்கினாலும் உள்பாவாடை. அதன் விலை எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். அதில் எதிர்க் கடையைவிடப் பத்து ரூபாய் கூட இருந்தால், கடையே விலை கூடின கடை என்று பெயராகிவிடும். அதனால் அதை அடக்கத்துக்கே கொடுத்துவிடுகிறார்கள், கீழ்த்தளத்தில், வாசலைப் பார்த்தபடி. பட்டுச் சேலை கதை வேறு. காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் ஓடி, ஊசி நுழையாத மாதிரி பூட்டிக்கொண்டிருக்கும். மூன்று நாடா ஓட வேண்டும், கரைக்கு நாடா வீச இன்னொரு ஆள் வேண்டும். முந்தியை உடலோடு சேர்க்கும் இடத்துக்குப் பெட்னி என்று தனிப் பெயரே இருக்கிறது. இப்படி வருகிற சேலையை எதோடு ஒப்பிடுவது? எதிர்க் கடையில் இதே சேலை கிடையாது. அங்கே இருப்பது அதன் தங்கச்சி.

சேலைகளுக்குப் பெயர் வைப்பதன் சூட்சுமம் எனக்கு அப்போதுதான் விளங்கியது! போத்தீஸ் பட்டுக்கு சாமுத்ரிகா என்று பெயர் வைத்தது, பரம்பரா என்று பெயர் வைத்தது. ஆர்.எம்.கே.வி. ஐம்பதாயிரம் வண்ணத்தில் ஒரு பட்டு நெய்து காட்டியது. கோ-ஆப்டெக்ஸ் நெய்தவரின் பெயரும் படமும் உள்ள அட்டையைச் சேலையோடு வைத்தது. மூன்றும் மூன்று விதம், ஆனால் மூன்றும் வாங்க வந்தவரிடம் சொல்வது ஒன்றே: இதைப் பக்கத்துக் கடையில் கேட்டுப் பார்க்க முடியாது. பெயரே இல்லாத சேலைக்கு விலை கேட்போம். பெயர் உள்ள சேலைக்குக் கதை கேட்போம். எனக்கு இந்த மூன்றில் மனசுக்கு நெருக்கம் கோ-ஆப்டெக்ஸ் அட்டைதான். தறியில் உட்கார்ந்த ஒரு முகம் நம் பீரோ வரைக்கும் கூட வருகிறது.

இந்தக் கடைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதிரி ஒரே பேட்டையில் இருப்பதைப் பாருங்கள். தியாகராய நகரை 1920-களில்தான் மனை பிரித்தார்கள். 1928-இல் நல்லி இங்கே தொடங்கியது. 1923-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த போத்தீசும், 1924-இல் திருநெல்வேலியில் பிறந்த ஆர்.எம்.கே.வி.யும் பிற்பாடு இதே பனகல் பூங்காச் சுற்றுவட்டாரத்துக்கு வந்து சேர்ந்தன. ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் பாத்திரம், துணி, தட்டுமுட்டு எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே, கையைக் கடிக்காத விலைக்கு அள்ளிவைத்தது. இத்தனை பேர் ஒரே இடத்தில் நின்றால் ஒருவரை ஒருவர் தின்றுவிட மாட்டார்களா? அண்ணாச்சி கைவிரலை விரித்து மூடிக் காட்டினார். கும்பகோணத்திலிருந்து வேன் வைத்துக் கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் ஒரு கடைக்கு வருவதில்லை, தி.நகருக்கு வருகிறார்கள். ஒரு கடையில் பிடிக்கவில்லை என்றால் அடுத்ததில் பிடிக்கும் என்ற தைரியத்தில்தான் அந்த வேன் கிளம்புகிறது. பக்கத்துக் கடைக்காரர் போட்டியாளர்தான், ஆனால் அந்த வேனுக்குப் பாதி டீசல் போடுகிறவரும் அவர்தான்.

ஆயத்த ஆடை மாடியில் அரை மணி நேரம் நின்றேன். அங்கே விலைச் சீட்டில் ஒரு கண்ணுக்குத் தெரியாத சுவர் இருக்கிறது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது ஆயிரம் ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அந்தச் சுவர் 2,500-க்கு நகர்ந்தது, தாண்டினால் 18. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 2,499 ரூபாய்ச் சட்டை வரியோடு ஏறக்குறைய 2,624. அதே சட்டைக்கு 2,600 என்று போட்டால் 3,068! நூறு ரூபாய் ஆசைப்பட்டால் வாங்குகிறவருக்கு நானூற்று நாற்பதுக்கு மேல் ஏறுகிறது. 2,499 என்று முடிவதைப் பாட்டா விலை என்று நாம் கண்டும் காணாமல் விடுவோம். அந்த ஒற்றை ரூபாய்க்குப் பின்னால் இப்படி ஒரு சுவர் நிற்கும் என்று யார் கண்டார்?

பத்து மணிக்கு முன்வாசல் ஷட்டர் இறங்கியது. பெண்கள் விடுதிக்குக் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டேக் மாற்ற உட்கார்ந்தார்கள். ரேடியோவில் பழைய பாட்டு, நடுவில் ஒரு தூக்குப் பால் காப்பி. நான் கேட்டேன்: விலையை மட்டும் வைத்தே ஜெயித்துவிட முடியாதா? கணக்குப் பிள்ளை ஒருவர், தலை நிமிராமலே, "சுபிக்‌ஷா" என்றார். அந்தப் பெயர் போதுமாக இருந்தது. 1997-இல் திருவான்மியூரில் தொடங்கிய மளிகைக் கடை. ஏ.சி. இல்லை, அலங்காரம் இல்லை, எல்லாம் அச்சிட்ட விலைக்குக் கீழே. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நாடு முழுக்க 1,600 கடை வரை வளர்ந்து, 2009-இல் கையில் ரொக்கம் இல்லாமல் மூடிப்போனது. "விலை வாசல் வரைக்கும் கூட்டிவரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் மறுபடி எண்ண ஆரம்பித்துவிட்டார்.

வாசலுக்கு உள்ளே யார் கூட்டிப்போவது? அதைப் பார்க்கத்தான் நான் அண்ணாச்சியின் மெத்தை ஓரமாக நள்ளிரவு தாண்டியும் உட்கார்ந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்களுக்கு அவர் பாடம் நடத்தினார். நான் வாடிக்கையாளர் வேஷம்! பெண்ணுக்குச் சேலை எடுக்க வந்த அம்மாவாம் நான்.

"என்ன விலையில பாக்கட்டும்மா?" என்று ஆரம்பித்தான் ஒருவன். அண்ணாச்சி கையைத் தூக்கி நிறுத்தினார். "விலையைக் கேக்காதல. அவங்க மனசுல ஒண்ணு வச்சிருப்பாங்க, வாய்ல ஒண்ணு சொல்லுவாங்க. மூணு சேலை எடு. மூணு விலை. ஒண்ணும் பேசாத." அவரே மூன்றை எடுத்தார். மடிப்பின் நுனியைப் பிடித்து ஒரு வீச்சு. சேலை காற்றில் ஒரு கணம் நின்று, என் முழங்காலுக்கு முன்னால் வந்து படுத்தது. அரக்கு உடல், பச்சைக் கரை. அடுத்தது மாம்பழ மஞ்சள். மூன்றாவது எம்.எஸ். நீலம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதாகத்தான் நினைத்தேன்.

"பாத்தியால அவங்க கையை?" என்றார் அண்ணாச்சி. என் கை நீலச் சேலையின் முந்தியைத் திருப்பி, அடிப்பக்க ஜரிகையைத் தடவிக்கொண்டிருந்தது! "வாய் எதை வேணாலும் சொல்லட்டும். கை எங்க போகுதோ அந்த விலை, அந்த நெறம். அதுலருந்து மேல ஒண்ணு, கீழ ஒண்ணு எடு." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷமும் என் கையைப் படித்துக்கொண்டுதான் சேலை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதை நான் என் ரசனை என்று நினைத்திருக்கிறேன். கோபம் வரவில்லை. இவ்வளவு உன்னிப்பாக வேறு யார் என் கையைப் பார்த்திருக்கிறார்கள்?

அப்புறம் நிறையச் சொன்னார். குடும்பமாக வந்தால் முதலில் யாரைப் பார்க்க வேண்டும் (பணம் கொடுக்கிறவரை இல்லை, மற்றவர்கள் யார் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறார்களோ அவரை). டியூப் லைட்டில் நிறம் பொய் சொல்லும், ஆகவே அவர்கள் கேட்பதற்கு முன்பே நாமே சேலையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பட்டை மறுபடி மடிக்கும்போது அதே மடிப்பில் மடித்தால் ஜரிகை முறியும், மடிப்பை மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: அறுபது சேலை பிரித்துப் போட்டபின் "வேண்டாங்க" என்று எழுந்தாலும் பெருமூச்சு விடக் கூடாது.

அதைக் கேட்டதும் என் அம்மா நினைவுக்கு வந்தார். நான் பள்ளியில் படித்த காலம். அத்தை கல்யாணத்துக்கு ஒரு கடையில் இருபது சேலை பார்த்துவிட்டு மனசுக்குப் பிடிக்காமல் எழுந்தார். பின்னாலிருந்து ஒரு குரல்: "வாங்குற மூஞ்சியப் பாரு." மெதுவாகத்தான் சொன்னார்கள், அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. அப்புறம் எங்கள் வீட்டில் மூன்று கல்யாணம், இரண்டு வளைகாப்பு, எத்தனையோ தீபாவளி. அந்தக் கடையின் படியை நாங்கள் யாரும் மிதிக்கவில்லை. அதே ஆடித் தள்ளுபடி அங்கேயும் இருந்திருக்கும். அம்மாவுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

பெருமூச்சு விடாமல் இருக்க வேண்டுமென்றால் விடுகிறவருக்கு முதலில் மூச்சு இருக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து ராத்திரி வரை நின்ற கால்களோடு யாரால் புன்னகைக்க முடியும்? 2010-இல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’வைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. நிற்கிறவர்களை உட்காரவைக்கும் சட்டத்தில் 2018-இல் கேரளம் முந்திக்கொண்டது. 2021-இல் தமிழ்நாடு தன் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று எழுதியது. உட்காருவதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது. இந்தக் கடையில் ஒவ்வொரு கவுன்டருக்குப் பின்னாலும் ஒரு பிளாஸ்டிக் முக்காலி இருந்ததை எண்ணிப் பார்த்தேன். சிலவற்றின் மேல் துணி அடுக்கியிருந்தது. மூன்றாவது மாடியில் ஒரு முக்காலியின் காலில், யாரோ பெண் தன்னுடையது என்று அடையாளத்துக்குச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். அந்த முக்காலி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது. வாடிக்கையாளர் சேவைக்கு ஒரு கடை எத்தனை லட்சம் வேண்டுமானாலும் செலவு செய்யட்டும், நான் இனி எந்தக் கடையில் நுழைந்தாலும் முதலில் தேடப்போவது அந்த முக்காலியைத்தான்.

விடியும்வரை டேக் மாறியது. ஏழு மணிக்கு மாடி மாடியாகக் கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, வாசலில் கோலம். பூசணிக்காய் சுற்றி உடைத்தார்கள். பெண்கள் குளித்து, பூ வைத்து, சீருடைச் சேலையில் திரும்பிவந்தார்கள். உளவு பார்த்த சின்னவள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். கட்டைப்பைகள் மலைபோலக் குவிந்திருந்தன. அந்த மரக் கைப்பிடிப் பையைத்தான் நம் வீடுகளில் துவைத்துத் துவைத்து வருஷக்கணக்கில் வைத்திருக்கிறோம். ஊருக்குப் போகும் பஸ்ஸில் அதுதான் கடையின் நடமாடும் பலகை. ஒரு பையன் எல்லாப் பைகளின் கைப்பிடியையும் ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தான், எடுத்துக்கொடுக்கும்போது கால் நொடி மிச்சமாகுமாம்.

எட்டே முக்கால். ஷட்டருக்கு வெளியே இரைச்சல் கேட்டது. எனக்கு உள்ளங்கை வேர்த்தது, என்னமோ நானே கடை திறக்கிற மாதிரி! ஒன்பதுக்கு ஷட்டர் தூக்கினார்கள். வெயிலும் கூட்டமும் ஒன்றாக உள்ளே வந்தன. எல்லாருக்கும் முன்னால் ஒரு பாட்டி, எழுபது வயதிருக்கும், பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நேராக அண்ணாச்சியின் மெத்தைக்கு வந்தார். தெரிந்த முகம் போலிருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, சௌக்கியமா?"

"உக்காருங்கம்மா. பேத்தி பெரியவளாயிட்டாளே! போன தடவை வந்தப்ப மடியில தூங்கிக்கிட்டு இருந்தா."

பாட்டி கேட்டது பட்டு இல்லை. பேத்திக்கு ஒரு பருத்திப் பாவாடைத் துணி. அது அடுத்த மாடி. அண்ணாச்சி ஆளனுப்பித் துணியைக் கீழேயே வரவழைத்தார். பாட்டி 260 ரூபாய் பில்லைப் பார்த்துவிட்டு, "போணி நான்தான், பத்து ரூபாய் குறை" என்றார். கறார் விலை என்று எழுதிய பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது. அண்ணாச்சி காதிலிருந்த பேனாவை எடுத்தார், பில்லில் பத்தை அடித்தார், தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய்த் தாளை எடுத்து மேசைப் பையனிடம் நீட்டினார். பாட்டி கொடுத்த பணத்தை வாங்கி, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.